சாவகத்து வயல்கள் யாருடையவை?

நம்மவரிடையே ஜாவாவைப் பற்றிப் பேச்செழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும். கடல் வணிகரோடு தீன் அங்கே சென்ற வரலாறு ஒன்று. அந்நாட்டு மக்கள்தொகையின் பெருக்கத்தைப் பற்றிய வியப்பு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே முழங்காற்சேற்றில் குனிந்து நாற்று நடுகிற ஒரு குடும்பம் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்குடும்பத்துக்கு எத்தனை குழி நிலம், மகளுக்கு அதில் எவ்வளவு பங்கு, ஊரைவிட்டுப் போக நினைத்தால் அவர்களுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பவை நம் கேள்விகளாக இருந்ததில்லை.

இத்தனைக்கும் சாவகம் தமிழுக்குப் புதிய பெயரன்று, மணிமேகலையிலேயே வருவது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் நமக்கு முழுமையாகக் கிடைத்த முதல் நூலாகக் கருதப்படும் ‘ஆயிர மசலா’வை வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் இயற்றினார். அதே வினாவிடைக் கதை ‘சமூத்’ என்ற பெயரில் ஜாவானிய மொழியிலும் வழங்கி வந்தது. ரோனித் ரிச்சி என்னும் ஆராய்ச்சியாளர் தமிழ், மலாய், ஜாவானிய மொழிகளிலுள்ள இவ்வடிவங்களை ஒப்பிட்டு 2011இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஒரே கிதாபை இரு கரைகளிலும் ஓதிக் கேட்ட மக்களுள் ஒரு சாராரின் வயல் வரப்புகளை மற்றவர் அறியாதிருப்பது நியாயமாகாது. அந்த எண்ணத்தோடுதான் ஜாவாவின் சிற்றூர்களைப் பற்றி எழுதப்பட்ட சில நூல்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

ஜாவாக் கிராமம் என்றதும் உலக அறிஞர்கள் முதலில் எடுத்துப் பேசுவது அமெரிக்கரான கிளிஃபர்ட் கீர்ட்ஸின் நூல்களையே. கீழை ஜாவாவில் கெதிரி நகருக்கு அருகிலுள்ள பாரே என்னும் சிற்றூர்ப் பகுதியில் 1953–54 ஆண்டுகளில் தங்கி ஆராய்ந்த அவர், அவ்வூருக்கு ‘மோஜோகுத்தோ’ என்று புனைபெயர் சூட்டி, ‘ஜாவாவின் சமயம்’ என்ற நூலை 1960இல் வெளியிட்டார். மூன்றாண்டுகள் கழித்து ‘அக்ரிகல்ச்சுரல் இன்வொல்யூஷன்’ வந்தது. இத்தலைப்பைத் தமிழாக்குவது கடினம். வேளாண்மை வெளியே வளர வழியின்றித் தனக்குள்ளேயே சுருண்டு சுருண்டு பின்னலாகிப் போவது என்பது அதன் கருத்து.

அந்த நூலின் வாதம் அழகானது. 1830இல் டச்சுக்காரர் கட்டாயப் பயிர்முறையைக் கொண்டுவந்தனர். கரும்புக்கு வேண்டிய தண்ணீரும் சமநிலமும் நெல்லுக்கு வேண்டியவையே. ஆகவே ஆலைக்காரர் ஊர் நிலத்தின் ஒரு பகுதியைச் சுழல்முறையில் எடுத்துக் கரும்பு போட, மிஞ்சியதில் ஊரார் நெல் பயிரிட்டனர். ஜனத்தொகை பெருகப் பெருக, அதே வயலில் மேலும் மேலும் ஆட்கள் இறங்கினர். கைபோட்டு உழைக்க உழைக்க நெல்வயல் சற்றே கூடுதலாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் பட்டினியாக வெளியேறவுமில்லை, யாரும் முன்னேறவுமில்லை. வாரம், உள்வாரம், ஒத்தி, கூலிப்பங்கு என்று இழைகள் நுணுகி, உள்ளதை எல்லாரும் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். இதனைப் ‘பங்கிட்டுக்கொண்ட வறுமை’ என்றார் கீர்ட்ஸ்.

ஆலையும் வயலும் ஒன்றையொன்று தாங்கி நின்ற விதத்தை அவர் விளக்கும் பக்கங்களை இன்றும் சுவையோடு படிக்கலாம். அதை மறுப்பது நன்றிகேடாகும். ஆயினும் நூலை மூடிவைத்த பிறகு ஒரு கேள்வி நம்மை விடுவதில்லை. வறுமையைப் பங்கிட்டார்கள், சரி, நிலத்தைப் பங்கிட்டார்களா?

ஜாவாவின் சிற்றூரில் எல்லாரும் ஒரே படியில் நின்றவர்களல்லர். ஊர் வயலில் உரிமைப் பங்கும் சொந்த மனையும் உடையவர் ஒரு வகுப்பினர்; கீழை ஜாவாவில் அவர்களைக் ‘கோகோல்’ என்றும் ‘கூலி கெஞ்செங்’ என்றும் அழைத்தனர். வரியும் ஊழிய வேலையும் அவர்கள் தலையில் விழுந்தன. ஊர்க்கூட்டத்தில் வாக்கும் அவர்களுடையதாயிற்று. மனை மட்டும் உள்ளவர் அடுத்த படி. பிறருடைய கொல்லையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு ஒண்டியிருப்பவர் அதற்கும் கீழே. ‘நும்பாங்’ என்ற சொல்லுக்கு ஒட்டிக்கொண்டு இருத்தல், ஓசியில் ஏறிப்போதல் என்ற பொருள்கள் இரண்டும் உண்டு. ஒரு மனிதனுடைய வாழ்வு முழுவதையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. இவர்கள் எல்லாருக்கும் மேலே ஊர்த் தலைவரும் அதிகாரிகளும். அவர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ‘பெங்கோக்’ என்னும் மானிய நிலம். பதவியிலிருக்கும் வரை அதன் விளைச்சல் அவர்களுடையது. பல ஊர்களில் மிகச் சிறந்த வயல்கள் இந்த மானியத்தில் அடங்கியிருந்தன. நம் பழைய மணியக்காரர், கணக்குப்பிள்ளை மானியங்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்தப் படிக்கட்டு நேற்று முளைத்ததன்று. 1868ஆம் ஆண்டு டச்சு அரசு நிலவுரிமை பற்றி நடத்திய விசாரணையிலேயே நிலப்பங்கு இல்லாத குடிகள் பதிவாகியுள்ளனர். பெஞ்சமின் ஒயிட் என்ற ஆய்வாளர், கீர்ட்ஸின் நூல் வந்து இருபது ஆண்டுகள் கழித்து 1983இல் எழுதிய மதிப்புரையில் இச்சான்றுகளைத் திரட்டிக் காட்டினார். அதற்குமுன் அவரே யோக்யகர்த்தாப் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாக ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் எத்தனை மணி நேரம் எந்த வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தவர். அங்கே பெண்களின் உழைப்பு நேரம் ஆண்களுடையதை விஞ்சி நின்றது. கீர்ட்ஸின் நூலிலோ உழைப்பு என்பது ஒரு திரள். அதில் பெண்ணின் கை தனியே தெரிவதில்லை.

அந்தக் கையை அறுவடையில் பார்க்கலாம். ஜாவாவில் நெல்லைப் பெண்கள்தாம் அறுத்தனர். விரலிடுக்கில் அடங்கும் ‘அனி-அனி’ என்ற சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வார்கள். கொய்ததில் ஒரு பங்கு கூலியாகக் கிடைக்கும். அதற்கு ‘பாவோன்’ என்று பெயர். யார் வந்தாலும் வயலில் இறங்கலாம் என்ற வழக்கத்தைத்தான் பகிர்வின் அடையாளமாகப் பலர் போற்றினர். 1970களில் புதிய நெல்வகைகள் வந்தன. நிலக்காரர் விளைந்த பயிரை வயலிலேயே மதிப்புப்போட்டு வியாபாரிக்கு விற்கலானார். ‘தெபாசான்’ எனப்பட்ட இந்த முறையில் வியாபாரி தன் ஆட்களை அரிவாளோடு கூட்டிவந்து அறுத்துச் சென்றான். ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்று பார்த்தனர். அதே காலத்தில் அரவை ஆலைகள் பரவ, உலக்கைக் கூலியும் போயிற்று. பகிர்வு என்பது ஊரின் இயல்பாகவே இருந்திருந்தால் ஒரு வியாபாரியின் விலைபேச்சில் அது இவ்வளவு எளிதாகக் கலைந்திருக்குமா? பகிர்ந்தவர் பகிர்ந்தது, கைகள் மலிவாகவும் பயிர் பலவாறாகவும் இருந்தவரையில்தான்.

கீர்ட்ஸ் அதிகம் தொடாத இன்னொரு பொருள், பாகப்பிரிவினை. நம் வாசகர்களுக்கு இதுவே பெரிதும் ஆர்வமூட்டும் என்று நம்புகிறோம். ஜாவானியரிடையே ‘செகெண்டோங் செபிக்குல்’ என்றொரு தொடர் வழங்குகிறது. பெண் துணியில் தூளிகட்டி முதுகிலோ இடுப்பிலோ சுமப்பது ஒரு கூடை. ஆண் தோளில் காவடித் தண்டின் இரு முனையிலும் தொங்கவிட்டுச் சுமப்பது இரண்டு கூடை. மகளுக்கு ஒன்று, மகனுக்கு இரண்டு என்ற ஷரீஅத்தின் பங்கை, கிதாபைத் திறக்காமலே, சந்தைக்குப் போகும் பாதையில் நடக்கும் இரு உருவங்களாக மாற்றிவிட்டது அந்த மொழி. சட்டம் ஒன்று மக்கள் வாயில் இவ்வளவு சுருக்கமாகவும் பார்வைக்குத் தெரியும்படியும் அமைந்ததை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் எல்லாக் குடும்பங்களும் அப்படியே பங்கிடுவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாகப் பிரிப்பது பல ஊர்களில் வழக்கம். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு, தங்களைக் கடைசிவரை பராமரிக்கும் பிள்ளைக்கு வீட்டை விட்டுச் செல்வதும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்து ‘கோனோ-கீனி’ எனப்படும். மணவிலக்கு நேர்ந்தால் அதில் மனைவிக்குப் பங்குண்டு. இதைப் படித்ததும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நம் நினைவுக்கு வந்தது. ஜாவானியரின் மார்க்கம் அரைகுறையானது என்று ஏளனம் செய்வோர் முதலில் தம் ஊரின் பத்திரங்களை எடுத்துப் படிக்க வேண்டும்.

அந்த ஏளனத்துக்கு ‘ஜாவாவின் சமயம்’ என்னும் நூலும் ஓரளவு காரணம். ஜாவானியரைச் சந்திரி, அபாங்கான், பிரியாயி என்று மூன்றாக வகுத்தார் கீர்ட்ஸ். மார்க்கக் கடமைகளில் பேணுதலுடையவர் முதல் வகுப்பு. பழைய சடங்குகளை விடாத குடியானவர் இரண்டாவது. அரசாங்கப் பிரபுக்கள் மூன்றாவது. பேணுதலும் பேணுதலின்மையும் ஒருவகை அளவை. பிரபுத்தனம் வேறொரு அளவை. நெட்டையர், குட்டையர், பணக்காரர் என்று மூன்றாக ஒரு கூட்டத்தைப் பிரிக்க முடியுமா? இந்தோனேசிய அறிஞர் ஹர்ஷா பக்தியார் 1973இல் இக்குழப்பத்தை எடுத்துக்காட்டியபின் இதற்குமேல் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறோம். கீர்ட்ஸின் நூல் 1963இல் வெளிவந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவில் நிலச் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. 1960ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டம், மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் நன்செய் 5 ஹெக்டேருக்குமேல் ஒரு குடும்பம் வைத்திருக்கலாகாது என்றது. ஒத்தியாக 7 ஆண்டுகள் பிறர் அனுபவத்திலிருந்த நிலம், பணம் திருப்பாமலே உரியவரிடம் சேர வேண்டும் என்றும் அது விதித்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2 ஹெக்டேராவது இருக்கும்படி செய்வதே நோக்கம் எனவும் எழுதப்பட்டது. ஜாவாவில் அதற்கு நிலம் ஏது? இன்றும் அங்கே பெரும்பாலான உழவர்கள் அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்களே.

சட்டம் நடைமுறைக்கு வராததால் கம்யூனிஸ்ட் கட்சியின் உழவர் சங்கத்தார் 1963 முதல் தாமே நிலங்களில் இறங்கினர். அந்நிலங்களுள் பல ஹாஜிகளுடையவை. சில பெசாந்திரென் என்னும் மத்ரஸாக்களுடையவை. வரம்புக்கு மேற்பட்டதை உறவினர் பெயருக்கு மாற்றியவரும், வக்ஃபு என எழுதிவைத்தவரும் இருந்தனர். 1965இன் இறுதியில் தொடங்கிய படுகொலையில் நாடு முழுவதும் ஐந்து லட்சம் பேர் அளவிலோ அதற்கு மேலுமோ மாண்டனர் என்பர். பாரே அடங்கிய கெதிரிப் பகுதி மிகக் கொடிய களங்களுள் ஒன்று. ராணுவத்தின் தூண்டுதலோடு, அங்கே மார்க்க இயக்கமொன்றின் இளைஞர் அணியினரும் கொலையில் பங்கெடுத்தனர். இதை மறைத்து எழுதுவது நம்மால் ஆகாது. அவ்வியக்கத்தின் தலைவராயிருந்து பின் குடியரசுத் தலைவரான அப்துர் ரஹ்மான் வாஹித் அவர்களே 2000ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்டோரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

எல்லாவற்றையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஊர் எனத் தீட்டப்பட்ட சித்திரம் அச்சேறி மூன்றாண்டுகளுக்குள் அதே ஊரின் ஆறுகளில் பிணங்கள் மிதந்தன. கீர்ட்ஸ் பிற்காலத்தில், 1995இல் வெளியிட்ட நினைவு நூலில், பாரேயில் நடந்த கொலைகளைப் பற்றி எழுதினார். ஆனால் நிலம் யாருடையது என்பதை முதலிலேயே கேட்டிருந்தால், வரப்பின்மேல் கூடிக்கொண்டிருந்த கோபம் 1963ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்பது நம் துணிபு.

அறிஞர் காணாததை ஒரு கதாசிரியர் கண்டார். மத்திய ஜாவாவின் பாஞுமாஸ் பகுதியைச் சேர்ந்த அஹ்மது தோஹாரி, மார்க்கப் பற்றுமிக்க குடும்பத்தில் பிறந்து, பெசாந்திரென் சூழலிலேயே வாழ்பவர். 1982இல் நூலான ‘ரொங்கெங் டுக்கு பாருக்’கும், 1985, 1986இல் வந்த தொடர்ச்சிகள் இரண்டும் சேர்ந்து ஒரு பெருங்கதை. நெல்வயல்களுக்கு நடுவே தீவு போலக் கிடக்கும் 23 வீடுகளே அதன் களம். தேங்காய்ப் புண்ணாக்கில் செய்த ‘போங்க்ரெக்’ நஞ்சாகிப் பலர் மாள, அநாதையாகும் சிறுமி ஸ்ரிந்தில் பின்னாளில் ஊரின் ஆட்டக்காரியாக்கப்படுகிறாள். சில பகுதிகள் குடும்பத்தில் எல்லார் முன்னிலையிலும் படிக்கத் தக்கவையல்ல என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் ஆசிரியர் அவளை விற்றவர்களைத்தான் குற்றக் கூண்டில் நிறுத்துகிறார்; அவளையல்ல.

பசித்தவர் நெல்லுக்கு அரசியல் எப்படி விலைபேசிற்று என்பதை இந்நாவல் காட்டும் விதம் நுட்பமானது. வெளியூர்ப் பிரசாரகன் ஒருவன் ஆட்டக் குழுவைத் தன் கூட்டங்களுக்கு இழுக்கிறான். கூட்டம் முடிந்ததும் ஆட்கள் பிறர் வயலில் இறங்கி நெல்லைக் கொள்ளையிடுகின்றனர். ஊரார் அஞ்சி விலக, அவர்கள் போற்றும் மூதாதையின் சமாதி ஓர் இரவில் சிதைக்கப்படுகிறது. அருகே பச்சை வண்ணம் பூசிய ஓலைத் தொப்பி ஒன்று கிடக்கிறது. பச்சை யாருடைய நிறம் என்று ஊருக்குத் தெரியும். எழுத்தறியாத அம்மக்கள் ஒரு தொப்பியை நம்பி மீண்டும் பிரசாரகன் பக்கம் சேர்கிறார்கள். அதற்கு விலையாக வீடுகள் எரிகின்றன, ஸ்ரிந்தில் சிறைக்குப் போகிறாள். இதை எழுதியவர் பச்சைக் கொடியின் பக்கத்தில் வளர்ந்தவர் என்பதை நினைக்கும்போதுதான் இந்த நடுநிலையின் அருமை புலப்படும். அன்றைய ஆட்சியில் சில பகுதிகள் நீக்கப்பட்டே அச்சாயின. முழுநூல் 2003இல்தான் வெளிவந்தது.

தோஹாரியிடமும் ஒரு குறை உண்டு. அவருடைய சிற்றூரிலிருந்து வெளியே போகிறவன் ராசூஸ் ஒருவனே. அவன் சந்தைக்குப் போய், அங்கிருந்து ராணுவத்தாருக்கு எடுபிடியாகி, பிறகு சிப்பாயாகிறான். மற்றவர்களுக்குப் பாதை இல்லை. கீர்ட்ஸின் கிராமமும் அத்தகைய மூடிய பானைதான். உண்மையான ஜாவாக் குடியானவரோ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயணத்திலேயே இருந்தவர். சுமத்ராவின் டெலித் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரமாயிரம் பேர் போயினர். அங்கே அவர்களோடு நம் தமிழ்க் கூலிகளும் இருந்தனர். 1890 முதல் 1939 வரை ஏறக்குறைய 33,000 பேர் தென்னமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறினர். 1905இல் டச்சு அரசு 155 குடும்பங்களை லாம்புங்கில் குடியேற்றியது. அவர்கள் தங்கள் ஊர்ப்பெயரான பாகெலனையே புதிய மண்ணுக்கும் இட்டுக்கொண்டனர். அக்குடியேற்றம் சுதந்திரத்துக்குப் பின் ‘டிரான்ஸ்மிக்ராசி’ என்ற பெயரில் பன்மடங்கு வளர்ந்தது. பின்னர் பெண்கள் புறப்பட்டனர். சவூதி, மலேசியா, ஹாங்காங், தைவான் வீடுகளில் அவர்கள் துலக்கிய பாத்திரங்கள் பொனோரோகோவிலும் இந்த்ரமாயுவிலும் ஓடும் ஓட்டுத்தளமுமாக எழுந்து நிற்கின்றன. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களை அனுப்புவதை இந்தோனேசிய அரசு 2015இல் தடைசெய்தது. ஈதுப் பெருநாளுக்கு நகரங்களிலிருந்து லட்சோப லட்சம் மக்கள் ஊர் திரும்பும் ‘மூடிக்’ இத்தனை பிரிவுகளும் ஒருசேரக் கூடும் சில நாட்களே. ஒரு சிற்றூரின் வரவுசெலவை அதன் வரப்புக்குள்ளேயே கணக்கிட்டு முடித்துவிடலாம் என்று இனி எந்த ஆராய்ச்சியாளரும் எண்ண முடியாது.

இப்பயணங்கள் எல்லாவற்றிலும் குடியானவர் தம் கையால் வயலை விற்றுப் புறப்படும் பயணம் ஒன்றே, அது ஹஜ். 1885இல் மக்காவில் தங்கிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, அங்கே கூடியிருந்த ‘ஜாவி’ மக்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அன்று கப்பற் கட்டணமும் கடனும் தடையாயிருந்தன. இன்றைய தடை வரிசை. இரண்டரைக் கோடி ரூப்பியா முன்பணம் கட்டிப் பதிவெண் வாங்கியவர், ஜாவாவில் முறை வருவதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது வயதில் ஒரு துண்டு நன்செய்யை விற்றுப் பணம் கட்டியவர், முறை வருவதைப் பாராமலே கண்மூடுவது அரிதன்று. ஆகவே 2019ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம், இறந்தவருடைய பதிவெண்ணை அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவருக்கு மாற்றித்தரலாம் என்கிறது. அரபு நாட்டுக்குப் போகும் வரிசையில் ஓரிடம், நெல்வயலைப் போலவே குடும்பச் சொத்தாகிவிட்டது. வயலை மகளுக்கு ஒரு கூடை, மகனுக்கு இரண்டு கூடை என்று பிரிக்கலாம், சரிபாதியாகவும் பிரிக்கலாம். இந்த எண்ணைப் பிரிக்க முடியாது. ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும், மற்ற பிள்ளைகள் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தத் திண்ணையில் அன்றிரவு என்ன பேச்சு நடக்கும் என்பதை எழுதக்கூடிய ஒரு நாவலாசிரியரைத்தான் நாம் ஜாவாவிலிருந்து இனி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.